கண்ணாடி பிடித்தவள்

வாடிப்பட்டியில் மாவு மில் நடத்துகிற முனீஸ்வரிக்கு ஐம்பது வயதாகப் போகிறது. இந்த வயதில் ஒரு பெண்பிள்ளைக்கு என்ன ஆசை இருக்கும் என்று ஊரைக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். மகனுக்கு நல்ல இடத்தில் பெண் அமைய வேண்டும், முழங்கால் வலி விட வேண்டும், மில்லுக்குப் புது மோட்டார் போட வேண்டும். அதெல்லாம் அவளுக்கும் உண்டு. அதற்கெல்லாம் அடியில், சொன்னால் சிரிப்பார்கள் என்று புருஷனிடம்கூடச் சொல்லாத ஆசை ஒன்றும் உண்டு. சின்ன வயதில் அவர்கள் காம்பவுண்டில் பிள்ளைகளாகச் சேர்ந்து ஓட்டிய பிலிம் படத்தை ஒரே ஒரு தடவை உள்ளே உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும்.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். நாலு பேர் இருட்டறைக்குள் உட்கார்ந்து கைதட்டுவதற்கு, ஒருத்தர் வெளியே வெயிலில் நின்றாக வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

பழங்காநத்தத்தில் ஒரே கேட்டுக்குள் ஏழெட்டுக் குடித்தனம் அடுத்தடுத்து இருந்த காம்பவுண்டு அது. நடுவில் முற்றம், அதில் ஒரு குழாய், ஒரு துவைகல். அங்கே யார் வீட்டிலும் டிவி கிடையாது. தியேட்டருக்கு வருஷத்தில் தீபாவளிக்கொரு தடவை, பொங்கலுக்கொரு தடவை போனால் அதுவே பெரிய காரியம். ஆனால் தெருமுனைப் பெட்டிக்கடையில் சினிமாப் பிலிம் துண்டுகளைப் பொட்டலம் கட்டி விற்பார்கள். அதில் மூன்றாம் வீட்டு அழகுபாண்டிக்குப் பைத்தியம் பிடித்தது. பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிடுகிற காசெல்லாம் பிலிமாக மாறியது.

தியேட்டர் கட்டினதும் அவன்தான். அதே காம்பவுண்டில் இருந்த ஐரின் வீட்டில் ஒரு ஸ்டோர் ரூம் உண்டு, அதற்கு முற்றத்தைப் பார்த்து ஒரே ஒரு ஜன்னல். அந்த ஜன்னலை அட்டையால் அடைத்து அதில் ஒரு ஓட்டை. ஓட்டைக்கு நேராகப் பிலிம். அதற்கு முன்னால் ஃபியூஸ் போன குண்டு பல்பின் மண்டையை உடைத்துத் தண்ணீர் ஊற்றிக் கட்டித் தொங்கவிட்டால் லென்ஸ் ஆகிவிடும். எதிர்ச் சுவரில் வேட்டி. பிலிமைத் தலைகீழாகச் செருகினால்தான் வேட்டியில் ஆள் நேராக நிற்பான். இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. அந்தக் காலத்தில் மதுரையில் தெருவுக்கொரு பயல் இதைத் தானாகக் கண்டுபிடித்திருந்தான்.

எல்லாம் சரி, வெளிச்சம் வேண்டுமே. முற்றத்தில் ஒரு ஆள் முகம் பார்க்கிற கண்ணாடியோடு நின்று, உச்சி வெயிலைப் பிடித்து அந்த ஓட்டைக்குள் அனுப்ப வேண்டும். சூரியன் நிற்காது, நகர்ந்துகொண்டே இருக்கும். அதோடு கண்ணாடியும் நூல் அளவு நூல் அளவாகத் திரும்ப வேண்டும். கை கொஞ்சம் ஆடினாலும் படம் வேட்டியை விட்டு ஓடி உத்தரத்தில் ஏறிக்கொள்ளும். உள்ளேயிருந்து கூச்சல் கிளம்பும்.

அந்த ஆள் முனீஸ்வரி. ஏன் அவள் என்றால் காம்பவுண்டுக்கு அதில் ஒரு நியாயம் இருந்தது. அழகுபாண்டி ஆபரேட்டர், அவன் நகர முடியாது. ஐரினை வெயிலில் நிறுத்தினால் கறுத்துப்போவாள் என்று அவள் அம்மா விடமாட்டார். முனீஸ்வரி ஏற்கெனவே கறுப்பு, அவளுக்குப் புதிதாக என்ன கெட்டுப்போகப் போகிறது? தம்பி சிவக்குமாருக்குக் கை ஒரு இடத்தில் நிற்காது. போதாததற்கு முற்றத்தில் காய்கிற மோர் மிளகாய்க்குக் காக்கா விரட்டும் வேலையை அவள் அம்மா அவளிடம்தான் கொடுத்திருந்தாள். எப்படியும் வெயிலில் நிற்கத்தானே போகிறாய், கண்ணாடியையும் பிடி என்று விட்டார்கள். நல்ல ஏற்பாடு. வஞ்சகமே இல்லாமல் ஒருத்தியை வெளியே நிறுத்துவது எப்படி என்று அந்தப் பிள்ளைகளிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஆக, அவள் படத்தைக் கேட்டாள். பிலிம் துண்டு பேசாது, அசையாது. பேசியது அழகுபாண்டி. கதாநாயகனுக்கு ஒரு குரல், வில்லனுக்குத் தொண்டைக்கு அடியிலிருந்து ஒரு குரல், சண்டைக்கு வாயாலேயே அடி, உதை. யானை ஆற்றைக் கடக்கும் துண்டுக்குத் தும்பிக்கைச் சத்தம். ரயில் கூரைமேல் சண்டை போடும் துண்டுக்குத் தடக் தடக். எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு மழைத் துண்டு. கல் மண்டபத்தில் கதாநாயகி ஒண்டி நிற்பாளாம். அவன் நாக்கையும் கன்னத்தையும் வைத்து எப்படியோ மழையைப் பெய்ய வைப்பான். உள்ளே ஐரினும் சிவாவும் மூச்சுக் காட்டாமல் இருப்பார்கள். அந்த அமைதியைக் கேட்டு, சுடுகிற கண்ணாடியைப் பிடித்தபடி, முனீஸ்வரி வெளியே தனக்கொரு மண்டபத்தைக் கட்டி அதில் ஒரு மஞ்சள் சேலைக்காரியை நிறுத்திக்கொண்டாள்.

ஒரு தடவை கண்ணாடியைத் துவைகல்லில் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே ஓடிப் பார்த்தாள். அவள் வாசலை எட்டுவதற்குள் வெளிச்சம் நழுவி அறை இருண்டுவிட்டது. வெளியே வந்தால் மிளகாயில் பாதியைக் காக்கா கொத்தி இழுத்துப் போட்டிருந்தது. அன்றைக்கு வாங்கிய அடியில் முதுகு வீங்கியது. பிலிமையாவது கையில் கொடு, தூக்கிப் பார்த்துக்கொள்கிறேன் என்றால் அழகுபாண்டி தரமாட்டான். கை ரேகை பட்டால் படம் செத்துப்போகும் என்று பவுடர் டப்பாவில் போட்டுப் பூட்டிவைத்தான். அவன் அப்பன் சொத்து எழுதிக் கொடுத்திருந்தால்கூட அதை இப்படிப் பாதுகாத்திருக்கமாட்டான்.

இந்த நிலையில்தான் திரைக்கு எடுத்த வேட்டியில் சிவா மையைக் கொட்டிவிட்டான். அப்பா கட்டுகிற கல்யாண வேட்டி. நான்தான் கொட்டினேன் என்று முனீஸ்வரி முன்னால் போய் நின்று அதற்கும் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அன்று சாயங்காலம் தம்பி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"வர்ற ஞாயித்துக்கெழமை நான் கண்ணாடி பிடிக்கிறேன்க்கா. கை ஆடாமப் பிடிக்கிறேன். நீ உள்ள போய்ப் பாரு."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று அந்த வாரம் முழுவதும் அவள் தரையில் நடக்கவில்லை. எங்கே உட்காருவது, யார் பக்கத்தில் உட்காருவது என்பது வரை முடிவு செய்துவிட்டாள். சனிக்கிழமை காலையில் அவள் பெரிய மனுஷி ஆனாள்.

தாய்மாமன் பச்சை ஓலையோடு வந்தார். குச்சு கட்ட முற்றத்தை விட்டால் வேறு இடம் ஏது? அவள் வழக்கமாக நின்ற இடத்திலேயே குச்சு எழும்பியது. பொம்பளைப் பிள்ளை இருக்கிற இடத்தில் உங்களுக்கென்னடா வேலை என்று பயல்களை விரட்டினார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை படம் இல்லை. குச்சுக்குள் உட்கார்ந்து அவள் அழுத அழுகையைப் பார்த்து, பிள்ளை பயந்துவிட்டது என்று பெண்கள் தலையைத் தடவி உளுந்தங்களி ஊட்டினார்கள். அவள் படத்துக்காக அழுதாள். அதைச் சொன்னால் களிக்குப் பதில் கரண்டி வந்திருக்கும்.

சடங்கு முடிந்து தாவணியோடு வெளியே வந்தபோது உலகம் மாறிவிட்டது. பையன்களோடு என்ன கும்மாளம் என்றாள் அம்மா. அழகுபாண்டி அவளைக் கண்டால் குனிந்துகொண்டு போனான். கண்ணாடி பிடிக்க ஆள் இல்லாமல் தியேட்டர் படுத்தது. சிவா சொன்ன சொல் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. அந்த வருஷமே காம்பவுண்டு ஓனர் டிவி வாங்கினார். காம்பவுண்டு மொத்தமும் அவர் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தது.

முனீஸ்வரி பத்தாம் வகுப்பு எழுதினாள். பத்தொன்பதில் முத்திருளனுக்கு வாக்கப்பட்டு வாடிப்பட்டிக்கு வந்தாள். நல்ல மனுஷன். அதிகம் பேசமாட்டார், மில் சத்தத்தில் பேசியும் பிரயோசனம் இல்லை. மிளகாய் வத்தல் அரைக்கிற அன்றைக்கு அவள் முகத்தைத் துணியால் சுற்றிக் கண்ணை மூடிக்கொண்டு கையாலேயே பொடியைத் தள்ளுவாள். அப்படி மூடின கண்ணுக்குள் யானை ஆற்றைக் கடக்கும், ரயில் ஓடும், மண்டபத்தில் மழை பெய்யும், மஞ்சள் சேலை நனையும். எத்தனை வருஷம் அது ஓடியது என்று அவளுக்கே தெரியாது. டிவி வந்தது, கேபிள் வந்தது, போனிலேயே படம் வந்தது. எதிலும் அந்த மழை பெய்யவில்லை.

பிறகு ஐரின் ஒரு வாட்ஸப் குரூப் ஆரம்பித்தாள். அவள் இப்போது மிஷன் பள்ளியில் டீச்சர், நாகமலை புதுக்கோட்டையில் சொந்த வீடு. அழகுபாண்டி மின்வாரியத்தில் லைன்மேன். சிவா ஓசூரில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். காம்பவுண்டை இடித்து அபார்ட்மென்ட் கட்டிப் பல காலம் ஆகிவிட்டது. ஆளுக்கு வயது ஏற ஏற ஞாபகமும் ஏறும் போலிருக்கிறது. குரூப்பில் விடிந்தால் அந்தப் படம்தான் பேச்சு. யானையைப் பார்த்து சிவா அலறியது, வில்லனின் விக்கைப் பார்த்து ஐரின் சிரித்தது. அக்காவுக்கு ஞாபகம் இருக்கா என்று கேட்பார்கள். வெளியே நின்றவள் எப்படிப் பார்த்திருப்பாள் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எல்லா ஞாயிற்றுக்கிழமையும் அவள் கூடவே இருந்தாள், அதனால் அவளும் பார்த்தாள், அவ்வளவுதான் அவர்கள் கணக்கு. ஒரு நாள் அவளும் ஆசை மீறி, மழை சீனில் அந்த மஞ்சள் சேலையை மறக்க முடியுமா என்று எழுதிப் போட்டாள். மூன்று பேரும் சிவப்பு இதயம் அனுப்பினார்கள்.

இந்தச் சித்திரையில் அழகுபாண்டி வீட்டுப் பழைய டிரங்குப் பெட்டியில் பவுடர் டப்பா கிடைத்தது. உள்ளே பிலிம் அப்படியே சுருண்டு கிடந்தது. சிவாவும் லீவில் வருகிறான். ஞாயிற்றுக்கிழமை ஐரின் வீட்டில் ஷோ என்று முடிவானது. முனீஸ்வரிக்கு அன்றிலிருந்து வேலையே ஓடவில்லை. மில்லை முத்திருளனிடம் விட்டுவிட்டு, பட்டுச் சேலை கட்டி, ஆரப்பாளையத்தில் பஸ் மாறி நாகமலைக்குப் போனாள். கல்யாண வீட்டுக்கா என்று கண்டக்டர் கேட்டார். ஆமாம் என்றாள்.

ஐரின் வீட்டில் பின்னறை ஜன்னலை அட்டையால் அடைத்துத் தயாராக வைத்திருந்தார்கள். ஊருக்கே கரண்ட் கொடுக்கிற லைன்மேனுக்கு ஒரு குண்டு பல்பு கிடைக்க வாரம் முழுவதும் அலைய வேண்டியிருந்ததாம், எல்லாம் எல்இடி ஆகிவிட்டது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். காபி குடித்தார்கள். ஒருத்தர் நரையை ஒருத்தர் கேலி பேசினார்கள். அதற்குள் ஐரின் டிரெஸ்ஸிங் டேபிள் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்தாள். அழகுபாண்டி அதை வாங்கி, யாரையும் கேட்காமல், முனீஸ்வரி கையில் கொடுத்தான். உன் கை யாருக்கும் வராது என்றான். அதில் உண்மையான மரியாதை இருந்தது. அதனால்தான் அவளால் மறுக்க முடியவில்லை.

பட்டுச் சேலையோடு போய் முற்றத்து வெயிலில் நின்றாள். முழங்கையை விலாவில் ஒட்டி, கண்ணாடியைச் சரித்து, ஓட்டைக்குள் வெளிச்சத்தை அனுப்பினாள். கை எதையும் மறக்கவில்லை. உள்ளே கைதட்டல் எழுந்தது. அழகுபாண்டியின் யானை பிளிறியது, குரல் கொஞ்சம் கட்டிப்போயிருந்தது.  பன்னிரண்டு வயதில் இப்படி வெளியே நின்றபோது அவளுக்கு அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தது. இப்போது அடுத்த வாரம் இல்லை. சிவா நாளைக்கு ஓசூருக்குப் போய்விடுவான்.

"சிவா, இத வந்து கொஞ்சம் பிடிடா. நான் உள்ள போறேன்."

ஏதோ கை வலி என்று நினைத்து அவன் ஓடி வந்தான். எப்படிப் பிடிப்பது, எப்படி நூல் நூலாகத் திருப்புவது என்று காட்டிவிட்டு அவள் உள்ளே போனாள்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. ஐரின் நாற்காலியைத் தள்ளினாள். வேண்டாம் என்று அவள் தரையில் உட்கார்ந்தாள், ஐரினும் இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு வேட்டி கண்ணுக்குத் தெரிந்தது. வேட்டியில் எல்லாமே சிவப்பு. பழைய பிலிம், மற்ற நிறமெல்லாம் செத்துச் சிவப்பு மட்டும் மிஞ்சியிருந்தது. ஆறு குங்குமம் கரைத்த தண்ணீர் மாதிரி இருந்தது. அவளுடைய யானை சுவரை அடைத்துக்கொண்டு வரும். இது கன்றுக்குட்டி அளவில் ஒரு மூலையில் நின்றது. ரயில் கூரையில் இரண்டு சிவப்புப் பொம்மைகள். எல்லாம் போச்சே என்று ஐரின் முனகினாள்.

கடைசித் துண்டு மழை. அழகுபாண்டி நாக்கை மடித்து மழையைத் தொடங்கினான். மண்டபம் இருந்தது, கதாநாயகி இருந்தாள், சேலையும் சிவப்பு, மழையும் சிவப்பு. இது பச்சைச் சேலை என்றாள் ஐரின். கிளிப் பச்சை, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு என்றாள். மழையை நிறுத்திவிட்டு அழகுபாண்டி நீலம் என்றான். இரண்டு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளாகச் சண்டை போட்டார்கள். பிறகு அவனே அதை முடித்துவைத்தான்.

"எதுக்குச் சண்டை? முனீசுதான் குரூப்புல கரெக்டாப் போட்டுச்சே, மஞ்சன்னு. நம்ம எல்லாரையும் விட அதுக்குத்தான் ஞாபகம் ஜாஸ்தி."

ஆமாக்கா, மஞ்சள்தான், இப்போதுதான் எனக்கும் ஞாபகம் வருகிறது என்றாள் ஐரின். பேசாமல் இருந்திருக்கலாம். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தச் சேலை என்றைக்கும் மஞ்சளாகவே இருந்திருக்கும். ஆனால் இத்தனை வருஷம் அடக்கினது அந்த இருட்டில் அடங்கவில்லை.

"நான் இதப் பாத்ததே இல்லண்ணே. இன்னைக்குத்தான் மொத மொதப் பாக்குறேன்."

 ஐரின் மெதுவாக, அப்ப அந்த மஞ்சச் சேலை என்று கேட்டாள். நானா மனசுல வச்சுக்கிட்டது என்றாள் முனீஸ்வரி.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றவனுக்கும் அது கேட்டிருக்கிறது. படம் ஆடியது. வேட்டியை விட்டு நழுவி, சுவரில் ஏறி, மேலே போய் அணைந்தது.  இருட்டில் ஓட்டை வழியாகச் சிவாவின் குரல் வந்தது.

"ஒரு ஞாயித்துக்கெழமை நான் பிடிக்கிறேன்னு சொன்னேன்லக்கா."

"ஆமாடா. இப்பப் பிடி, வெயில் போகுது."

வெளிச்சம் திரும்பி வந்தது. இந்தத் தடவை அசையவில்லை. அழகுபாண்டி முதல் துண்டிலிருந்து அவளுக்காக மறுபடி ஓட்டினான், நரம்பு புடைக்கக் கத்திச் சண்டை போட்டான். ஐரின் அவள் கையை விடவே இல்லை. அவள் எல்லாவற்றையும் பார்த்தாள். சாப்பாட்டில் இன்னும் கொஞ்சம் வை, இன்னும் கொஞ்சம் வை என்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவளைக் கவனிக்கிற மாதிரி கவனித்தார்கள். கிளம்பும்போது சிவா பஸ் ஸ்டாப் வரை வந்தான். உள்ளங்கை இரண்டும் சிவந்திருந்தது. வாரேன்டா என்றாள். தலையை ஆட்டினான், ஏறிட்டுப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சமயநல்லூர் தாண்டியதும் அவள் கண்ணை மூடிக்கொண்டு, பழக்கப்படி யானையைக் கூப்பிட்டாள். மூலையில் சின்னதாக, சிவப்பாக வந்து நின்றது. மண்டபத்தைக் கூப்பிட்டாள். அதுவும் சிவப்பாக வந்தது. கண்ணைத் திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்தாள். மஞ்சள் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. வாழ்நாள் முழுவதும் அந்த அறைக்குள் போக ஏங்கினாள், போய்விட்டு வந்தாள், இப்போது வெளியே நின்ற அந்த வெயிலுக்கு ஏங்கினாள். இந்த ஏக்கத்தை யார் தீர்த்துவைக்க முடியும்? கண்ணாடி பிடிக்க ஆள் கிடைக்கும். படத்தைப் பார்க்காத கண்ணை யார் திருப்பித் தருவார்கள்?

மில் வாசலில் முத்திருளன் மாவுக் கையோடு உட்கார்ந்திருந்தார். வழக்கத்துக்கு மாறாக அவரே பேச்செடுத்தார். எல்லாரும் சேர்ந்து ஏதோ படம் பார்த்தீர்களாமே, சிவா போன் போட்டுச் சொன்னான், எப்படி இருந்தது என்று கேட்டார். அவள் பட்டுச் சேலையின் முந்தானையைச் செருகிக்கொண்டு அவர் பக்கத்தில் சாக்கின்மேல் உட்கார்ந்தாள்.

"நல்லாத்தான் இருந்துச்சுங்க. ஆனா அத வெளிய நின்னு கேக்கணும்."